ஒற்றைப் பலகைக் கதவு

கதவில் சந்து இருக்கக் கூடாது என்பது தங்கம்மாளின் கட்சி. ஊரில் மற்றக் கட்சிகளும் இருந்தன. தெருமுனையில் ஒரு கொடி, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கொடி, அதிலிருந்து பிரிந்துபோய்ப் புதிதாக ஆட்சியைப் பிடித்தவர்களின் கொடி ஒன்று. அவள் புருஷன் பக்கிரி யார் கூட்டம் போட்டாலும் முன்வரிசையில் போய் உட்காருகிறவன். தங்கம்மாள் எதற்கும் போகமாட்டாள். "எல்லாக் கொடியும் மரத்துலதான் பறக்குது. எனக்கு ஒரு பலகை அறுத்துக் குடுக்க ஒருத்தனுக்கும் வக்கில்ல" என்பாள்.

பாமணி ஆற்றுக்குத் தெற்கே, திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் அவள் ஊர். பண்ணை நிலத்தின் ஓரத்தில், இலுப்பைத் தோப்பை ஒட்டிக் குடிசை. குடிசைக்குக் கதவு கிடையாது, படல்தான். மூங்கில் பிளாச்சில் தென்னங்கீற்றைக் கட்டி வாசலில் சாத்திவைப்பது. நாயை நிறுத்தும், கோழியை நிறுத்தும், ஆளை நிறுத்தாது. நடவுக் காலத்தில் விடிகிற நேரத்துக்குப் பண்ணைக் காரியக்காரர் சாரங்கபாணி ஆள் கூப்பிட வருவார். வெளியே நின்று குரல் கொடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. குடைக்காம்பால் படலை ஒரு நெம்பு நெம்பித் தலையை உள்ளே விட்டு, "என்ன, இன்னும் ஏந்திரிக்கலையா?" என்பார். உள்ளே யார் எந்தக் கோலத்தில் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். கைப்பிள்ளையை மார்பிலிருந்து பிடுங்காமல் அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட காலைகள் தங்கம்மாளுக்கு நிறைய உண்டு.

பிறகு, குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தது. தெருவுக்கே பட்டா கிடைத்தது. கிடைத்த சூட்டோடு விவசாயச் சங்கத்து இளையபெருமாள் மண்சுவர் எழுப்பி, மூன்று பலகையை இணைத்துக் கதவு போட்டான். தெருவிலேயே முதல் கதவு. ஆளாளுக்குப் போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த அறுவடையில் கூலித் தகராறு முற்றியது. பண்ணை வெளியூரிலிருந்து இறக்கிய அடியாட்கள், பலகையும் பலகையும் சேருகிற சந்தில் கடப்பாரையை விட்டு நெம்பினார்கள். நடுப்பலகை பிடுங்கிக்கொண்டு வந்தது. கையை விட்டுத் தாழை எடுத்துவிட்டார்கள். இளையபெருமாள் ஊரில் இல்லை. அவன் அம்மாவுக்கு மண்டை உடைந்தது. மறுநாள் பார்க்கப் போன தங்கம்மாள், கிழவியைப் பார்த்த நேரத்தைவிடக் கதவைப் பார்த்த நேரம் அதிகம். "இணைச்சதெல்லாம் பிரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

மகள் அம்சவல்லி ஆளானதும் அந்த எண்ணம் பிடிவாதமாகவே ஆகிவிட்டது. வீட்டுக்குக் கதவு வேண்டும். அதுவும் ஒரே பலகையில் வேண்டும்.

எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசிப் புயலில் அவள் மனைக்குள் நின்ற இலுப்பை வேரோடு சாய்ந்தது. இரண்டு ஆள் சேர்த்துக் கட்டினாலும் கைக்குள் அடங்காத மரம். காற்று ஓய்ந்து கூரைக்குக் கீற்று தேடிக்கொண்டிருக்கும்போதே சாரங்கபாணி வந்துவிட்டார்.

"மனைதான் உனக்குக் குடுத்தது. மரம் பண்ணையோடது, தெரியுமில்ல?"

"மண்ணுல மொளைச்சதுதானே மரம்? உங்களுதுன்னா மண்ணைத் தொடாம ஆகாசத்துல நிக்கச் சொல்லியிருக்கணும்."

"ஆண்டேன்னு கூப்பிட்ட வாயா இது?"

"அதே வாய்தாங்க. இப்ப பட்டா வாங்கியிருக்கு."

சங்கத்து ஆட்கள் கூடிவிட்டதைப் பார்த்து அவர் குடையை விரித்துக்கொண்டார். "அறுத்துக்க. எவன் அறுத்துக் குடுக்கறான்னு நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குளம் வற்றி மீன் பிடித்தால் கூறு போடுவதுபோல, விழுந்த மரத்தையும் கூறு போட்டுக்கொள்வது அந்தத் தெரு வழக்கம். கிளை ஒரு வீட்டுக்கு, கவட்டை ஒரு வீட்டுக்கு, வேர்க்கட்டை அடுப்புக்கு. அடிமரத்தில் ஒரே ஒரு துண்டு மட்டும் தங்கம்மாளின் கூறு. அதற்கு முன்பே வாசல் நிலையை நிறுத்தியாகிவிட்டது. பக்கிரி தலையில் முண்டாசோடு நிமிர்ந்து உள்ளே நுழைய வேண்டும் என்று அவனை நிற்கவைத்து உயரம் குறித்து, அதற்கேற்பச் சுவரையும் உயர்த்தியிருந்தாள். நிலை வைத்தது இராஜாங்கம் ஆசாரி. மேற்கட்டையில் ஒன்றும் வாசற்படியில் ஒன்றுமாக ஓரத்தில் இரண்டு குழி தோண்டியிருந்தார். அந்தக் குழிகள் எதற்கென்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கீழ்க்குழியில் எறும்பு குடியேறுகிறது என்று சாணியை வைத்து அடைத்து மெழுகிவிட்டாள்.

ஆசாரியோடு பேச்சு முறிந்ததும் அந்த இலுப்பைக் கட்டையால்தான்.

"அத்தனை அகலத்துல ஒரே பலகை போட்டா காய காய வளையும் தங்கம். ரெட்டைக் கதவாப் போடு. இல்லாட்டி மூணு பலகையை இணைச்சு, பின்னால சட்டம் வெச்சு இறுக்கித் தர்றேன்."

"இணைக்கறதுன்னா உங்களைக் கேக்கவே வேணாமே ஆசாரியாரே. இளையபெருமாள் வீட்டுக்கு இணைச்சது நீங்கதானே?"

அவருக்குச் சுருக்கென்றது. "அப்ப நீயே அறுத்து நீயே மாட்டிக்க" என்று உளிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தங்கம்மாளும் விடவில்லை. நிலையின் உயரத்தைக் கயிற்றால் அளந்து, அதே அளவுக்குக் கட்டையைக் குறுக்கே அறுத்து நிறுத்தினாள். மீந்த முண்டு அன்றைக்கே கூறில் சேர்ந்து யார் வீட்டு அடுப்புக்கோ போய்விட்டது.

இனி மில் தேட வேண்டும். கட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைய முடியாது. அதனால் கட்டையின் முகத்தில் குறுக்கே வைக்கோல் பிரியைப் பிடித்து, இந்த ஓரத்துக்கு ஒரு முடிச்சு, அந்த ஓரத்துக்கு ஒரு முடிச்சு போட்டுச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். எந்த மில்லின் வாளில் இந்தக் கயிறு அடங்குகிறதோ அந்த மில்.

"கயித்தை எடுத்துக்கிட்டு ஒத்தையிலே பஸ் ஏறினா பாக்கறவன் என்ன நெனைப்பான் புள்ள?" என்றான் பக்கிரி.

"நெனைக்கறவன் ஒரு மில்லு காட்டட்டும்."

முதலில் திருத்துறைப்பூண்டி. பஞ்சநதத்தின் மில்லில் வட்ட ரம்பம் வீரிட்டுக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த பஞ்சநதம் கயிற்றைப் பார்த்துவிட்டு, "மாட்டுச் சந்தை நாளைக்கும்மா" என்றார்.

"மரம் அறுக்கணும் மொதலாளி. இம்மாம் அகலம். ஒரே பலகையா வரணும்."

அவர் எழுந்து வந்து சக்கரத்தைக் காட்டினார். "இது எம்மாம் பெருசு தெரியுதில்ல? ஆனா பாதி மேஜைக்குக் கீழ கெடக்கு. மேல தலைகாட்டறதுதான் அறுக்கும். அது உன் கயித்துல பாதிகூட வராது. கட்டையை நாலாப் பொளந்துகிட்டு வா. வரிசையாத் தள்ளித் தர்றேன்."

"பொளக்கறதுக்கா நான் பஸ்ஸேறி வந்தேன்?"

"பொளக்காம பின்ன மில்லு எதுக்கு?"

"பெரிய சக்கரமாப் போடக் கூடாதா?"

"போடலாம். உன் கதவை அறுத்து முடிச்சதும் அதைத் திருவிழாவுக்கு ராட்டினமா விட்டுடறேன்."

மில்லில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தங்கம்மாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டாள். கீழ்வேளூரில் ஒரு மில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஒரு நாள் நடவை விட்டுவிட்டு அங்கே போனால் மோட்டார் எரிந்து பூட்டிக் கிடந்தது. பூட்டின்மேல் சிலந்தி வலை. காவலுக்கு இருந்தவன், "மோட்டார் கும்பகோணம் போயிருக்கு, வந்துரும்" என்றான். எப்போது போனது என்று கேட்டபோது பீடியைப் பற்றவைத்தான்.

மன்னார்குடியில்தான் அவள் முதன்முதலாகப் பட்டை ரம்பத்தைக் கண்டாள். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற பல்வைத்த இரும்புப் பட்டை. கட்டையை டிராலியில் வைத்துத் தள்ளினால் வெண்ணெயில் நூல் விட்டதுபோல் போய்க்கொண்டே இருந்தது. பட்டைக்கும் அதைத் தாங்குகிற தூணுக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்தாள். அடங்கியது. ஒரு விரல்கூட மிச்சம் இருந்தது. அவளுக்கு மூச்சே லேசானது.

"எந்த ஊரும்மா?" என்றார் மில்காரர், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே.

ஊரைச் சொன்னாள். அவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

"இலுப்பையா?"

"ஆமாங்க."

"சொல்லியனுப்பிச்சாங்க. அந்த மரத்துல என்னமோ வில்லங்கம் இருக்காமே."

"பட்டா என் பேர்ல இருக்கு. பாக்கறீங்களா?"

"நான் எதுக்கும்மா பாக்கணும்? பட்டா உங்க பேர்லயே இருக்கட்டும். வருஷா வருஷம் பண்ணைத் தோப்பு மரமெல்லாம் இந்த மில்லுக்குத்தான் வருது. உன் ஒரு கட்டைக்காக அத்தனையும் எனக்கு வராமப் போவணுமா? நீயே சொல்லு."

அவள் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பிவரும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. சக்கரம் சின்னது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மோட்டார் எரிந்தது என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். அடங்குகிற மில் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தும் திரும்பி வந்ததைத்தான் அவளால் பொறுக்கமுடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கயிற்றைப் பக்கிரியின் மேல் வீசினாள். "உன் கூட்டத்துல எல்லாம் நெலம் நெலம்னு கத்தறாங்களே, ஒருத்தனாவது மில்லு மில்லுன்னு கத்தினானா?"

பக்கிரி கயிற்றை எடுத்துச் சுருட்டி அவளிடமே கொடுத்தான். கூட்டத்தில் உட்காருவதால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் இல்லை. முத்துப்பேட்டைக் கூட்டத்துக்குப் போனபோது, கடல் தொழிலுக்குத் தோணிப் பலகை அறுக்கிற மில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தான்.

அந்த மில்லை நடத்தியவர் யூனுஸ். கைலியை முழங்காலுக்குமேல் தூக்கிக் கட்டிக்கொண்டு தாமே வாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கயிறு அவர் ரம்பத்தில் தொய்ந்தே கிடந்தது. தங்கம்மாள் அதற்குச் சந்தோஷப்படவில்லை.

"பாய், எங்க பண்ணையிலேருந்து யாரும் வந்தாங்களா?"

"எந்தப் பண்ணைம்மா? என் கிராக்கி எல்லாம் கடல் பக்கம். மீனுக்கு ஏது பட்டா?"

"அப்ப அறுப்பீங்க?"

"அறுப்பேன். முன்கூட்டியே சொல்லிப்புடறேன் தங்கச்சி. நடுநெஞ்சுல எடுக்கற பலகை வெடிக்கும். அதுக்கு அடுத்ததை எடுத்துக்க. அதுவும் வளையும்."

"எம்மாம் வளையும்?"

"அது மரத்தோட இஷ்டம். தோணிக்கு வளைஞ்சா நல்லது. கதவுக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

இரட்டை மாட்டு வண்டியில் கட்டை போனது. வண்டி அச்சு வழிநெடுக முனகியது. தங்கம்மாள் பின்னால் நடந்தே போனாள். மில் வாசலில் யூனுஸ், மரப்பட்டையோடும் சேற்றோடும் கட்டையை ஏற்றினால் வாள் மழுங்கும் என்றார். அவளே கடப்பாரையால் பட்டையை உரித்து, தேங்காய் நாரால் சேற்றைத் தேய்த்துக் கழுவினாள். "மாப்பிள்ளைக்கு நலங்கு வெக்கறியா?" என்றான் வண்டிக்காரன். "மாப்பிள்ளைன்னா இந்நேரம் ஓடியிருப்பான். இது நிக்குது பாரு" என்றாள்.

ரம்பம் ஓடியது. இலுப்பை இரும்பு மாதிரி மரம். வாள் சூடேறி அலைந்தது. யூனுஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மெல்ல மெல்லத் தள்ளினார். செம்பழுப்பில் தூள் கொட்டிற்று. முதலில் மேல்புறத்தைச் சீவித் தள்ளினார். பிறகு, நெஞ்சை ஒதுக்கி அடுத்த பலகைக்கு வாளை வைத்தார். பலகை பாதிக்கு வந்திருக்கும். கரண்ட் போயிற்று.

சக்கரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வாள் மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. முன்னாலும் தள்ள முடியாது, பின்னாலும் இழுக்க முடியாது.

"வந்துரும்" என்றார் யூனுஸ்.

"கீழ்வேளூர்லயும் இதையேதான் சொன்னாங்க" என்றாள் தங்கம்மாள்.

வரவில்லை. வெயில் ஏறியது. பக்கிரி டிராலியின் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். சும்மா நிற்க முடியாத யூனுஸ் கட்டையைச் சுற்றி வந்தார். சாணால் நீளம் போட்டுப் பார்த்தார்.

"நெலைக்கு என்ன உசரம்?"

"இதே உசரம்தாங்க. கயிறு புடிச்சு, ஒரு விரக்கடை கூடாம குறையாம நானே அறுத்தேன்."

"அப்ப குடுமிக்கு?"

"குடுமியா?"

யூனுஸ் அவளைப் பார்த்தார், பக்கிரியைப் பார்த்தார். பிறகு மில்லின் சாமான் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவை உள்பக்கமிருந்து சாத்திக் காட்டினார். பலகையின் ஓரத்தில் மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை. பலகையோடு சேர்ந்தே செதுக்கியது. மேல் முளை நிலையின் குழியில், கீழ் முளை வாசற்படியின் குழியில். அந்த இரண்டின்மேல்தான் கதவு சுற்றுகிறது. பலகை நிலையைவிட மேலும் கீழும் நீண்டிருந்தால்தான் குடுமி செதுக்க முடியும்.

"நீங்க கதவே பாத்ததில்லையா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்பதுபோல் எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்தார்.

"பாத்திருக்கேன் பாய். வெளியில நின்னு."

வாசற்படிக் குழியைச் சாணி வைத்து மெழுகியது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆத்திரம் யார்மேல் போவது என்று தெரியாமல் நெஞ்சிலேயே நின்றது. ஆசாரி சொல்லியிருக்கலாம். அவள் கேட்டிருக்கலாம். மீந்த முண்டு எரிந்து சாம்பலாகி எருக்குழிக்குப் போயிருக்கும்.

பக்கிரி எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டான். "இதுக்கு எதுக்கு முழிக்கறே? நெலையோட மேல்கட்டையை ஒரு சாண் கீழ எறக்கிட்டா சரியாப் போச்சு. உள்ள போறப்ப கொஞ்சம் குனிஞ்சுக்கணும், அவ்ளோதானே."

"குனியறதுக்கா கதவு?" அவள் போட்ட சத்தத்தில் வண்டி மாடு தலையைத் தூக்கியது. "குனிஞ்சு பூர்றதுக்குப் படலே போதாதா? கயித்தோட நாலு ஊரு நான் எதுக்குய்யா போனேன்?"

"இரும்புல குடுமி அடிச்சுச் செருகலாம்" என்றார் யூனுஸ். "கொல்லுப் பட்டறையில செய்வாங்க. ஆனா இந்த மரத்துல தொளை போட நல்ல தச்சன் வேணும். கோணலாத் தொளைச்சா பலகை பொளந்துரும்."

நல்ல தச்சன் என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இராஜாங்கம்தான். தங்கம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். வெயில் சாய்ந்தபிறகு கரண்ட் வந்தது. மீதிப் பாதியும் அறுந்தது. அவள் முழு உயரத்துக்கும் மேலாக, ஒரு கையை நீட்டினால் மறு ஓரம் எட்டாத அகலத்தில், ஒரு கீறலில்லாமல் பலகை வந்து விழுந்தது. யூனுஸே விசில் அடித்தார். அவளுக்குத்தான் அதைப் பார்க்கப் பார்க்க எரிந்தது.

தெரு ஆட்கள் பிடித்துப் பலகையை வீட்டுக்குள் கொண்டுபோய், வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். "நெலையை எறக்கிடு" என்று போகிறபோது ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். காய்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று நாட்கள் போயின. ஆசாரியைக் கூப்பிட பக்கிரி கிளம்பும்போதெல்லாம் அவள் தடுத்தாள். பலகை ஒரு பக்கம் கொஞ்சம் குழிய ஆரம்பித்தது. படல் வாசலிலேயே இருந்தது.

ஒரு நாள் உச்சிவேளை. அம்சவல்லி களையெடுக்கப் போயிருந்தாள். பக்கிரி வாய்க்காலில் குளிக்கப் போனான். தங்கம்மாள் உலை வைத்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாத்தினால் எப்படித்தான் இருக்கும்? படலை எடுத்து வெளியே எறிந்தாள். நெல் மூட்டையை நகர்த்துவதுபோல், இந்த முனையைக் கொஞ்சம் தூக்கி வைத்து, அந்த முனையைக் கொஞ்சம் தூக்கி வைத்து, பலகையை நடத்தியே வாசலுக்குக் கொண்டுவந்தாள். கடைசி ஓர் அடியில் அது கையை மீறித் திடும் என்று நிலைக்குள் போய் உட்கார்ந்தது. வீடு இருட்டிற்று. வெளியே கோழி கத்துவதுகூடத் தூரத்தில் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

பிறகு நகர்த்திப் பார்த்தாள். அசையவில்லை. குழிந்த பக்கம் நிலையில் கவ்விக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள!" குளித்துவிட்டு வந்த பக்கிரி பலகையைத் தட்டினான். "யாரு இதைச் சாத்தினது?"

"யாரு?" என்றாள் உள்ளிருந்து. பிறந்ததிலிருந்து அவள் வீட்டுக்குள் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"யாருவா? நாந்தான்! தொற, பசிக்குது."

"எப்படித் தொறக்கறது? புடிச்சுக்கிச்சு."

அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். "தள்ளாதய்யா, என் மேல சாயும்!" என்று அலறினாள். அவன் இழுக்கப் பார்த்தான், பிடிக்க ஒன்றுமில்லை. உலை பொங்கி வழிந்து புகை உள்ளே சுற்றியது.

"நாளைக்கே நெலையை எறக்கி..." என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பேச்சு பேசினா நான் வெளியவே வரல." இருமினாள். கொஞ்சம் பொறுத்து, "ஆசாரியாரைக் கூட்டிட்டு வா" என்றாள்.

"அவரோட உனக்குப் பேச்சே இல்லையே?"

"இப்ப மூஞ்சியைப் பாக்க வேணாமில்ல. கூட்டிட்டு வா."

இராஜாங்கம் வந்தார். கூடவே பாதித் தெருவும் வந்தது. வெளியே நின்று பலகையைத் தட்டினார், ஓரம் ஓரமாகத் தடவினார்.

"தங்கம்."

"சொல்லுங்க."

"இணைச்சது பிரியும்னியே. இணைக்காததுல மாட்டிக்கிட்டுக் கெடக்கறே."

வெளியே சிரிப்புக் கேட்டது. உள்ளே உலையை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இரும்புக் குடுமிக்குத் தொளை போட்டுத் தருவீங்களா, மாட்டீங்களா?" என்று குரல் வந்தது.

"போடறேன். கிறுக்கச்சி, போடறேன். மொதல்ல இதை எடுக்கணுமே. உளியை விட்டு இந்த ஓரத்தைக் கொஞ்சம் செதுக்கிட்டா..."

"பலகையில கை வெக்காதீங்க!"

"பின்ன எப்படி உன்னை வெளிய எடுக்கறது?"

"கூரையைப் பிரிச்சுக்கிட்டு ரெண்டு பேரு உள்ள எறங்கிப் பலகையைத் தாங்கிப் புடிங்க, வெளியிலேருந்து தள்ளலாம். கீத்துப் போனாப் போவுது, வேய்ஞ்சுக்கலாம்."

இராஜாங்கம் பக்கிரியைப் பார்த்தார். பக்கிரி ஈர வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஏணியை எடுத்துவரப் போனான்.